எண்ணாதவருக்கு ஏது நிலம்?

கடந்த ஜனவரியில் ஒரு விடியற்காலை மருதங்கேணி, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு வழியாகச் சுண்டிக்குளத்துக்குச் சென்றிருந்தேன். யாழ்ப்பாண நகரத்துச் சுண்டிக்குளியை நினைத்துக்கொள்ளும் வாசகர்கள் பொறுத்தருள்க. நான் சொல்வது ஆனையிறவுக்குத் தென்கிழக்கே, குடாநாடு வன்னிப் பெருநிலத்தோடு வந்து ஒட்டுகின்ற மணல்திட்டில் இருக்கும் சுண்டிக்குளம். என்னை அழைத்துச் சென்றவர் விலங்கியல் பயிலும் இறுதியாண்டு மாணவி ஒருவர். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கும் பிள்ளை. என் எழுத்தால் அவருக்கு எந்த இடைஞ்சலும் வரக்கூடாது.

இரவல் வாங்கிய தொலைநோக்கி ஒன்று, ஒரு கைத்தொலைபேசி, ஓர் அப்பியாசக் கொப்பி. இவ்வளவுதான் அவருடைய ஆய்வுக் கருவிகள். கடல்நீரேரியின் நடுவில் வெளிர்சிவப்புக் கோடு போட்டதுபோல் பூநாரைகள் நின்றன. அந்தப் பிள்ளை முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்று மனத்தில் பிடித்துக்கொண்டு, பிறகு அந்த அகலத்தை அளவுகோலாக வைத்துக் கூட்டம் முழுவதையும் அளந்தார். இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை. இரண்டு கணக்கும் பெரிதும் வேறுபட்டால் மூன்றாம் முறை. நேரம், நீர்மட்டம், காற்று, பக்கத்தில் படகு இருந்ததா, நாய் இருந்ததா என்பன எல்லாம் கொப்பியில் ஏறின. மூன்று மணி நேரம் அவர் என்னோடு ஒரு சொல் பேசவில்லை.

அவருடைய தந்தையார் கடற்றொழிலாளி. வடமராட்சி கிழக்கில் ஆழிப்பேரலைக்கும் போருக்கும் வீட்டைப் பறிகொடுத்து, இரண்டு முறை இடம்பெயர்ந்து, மீண்டும் வந்து குடியேறியவர். மகளைத் தனியே விட மனமில்லாமல் எங்களோடு வந்திருந்தார். திரும்பி நடக்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்:

“ஐயா, இவள் எண்ணுறாள், சரி. ஆருக்காக எண்ணுறாள் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ. நாளைக்கு இந்தக் கணக்கைக் கொண்டுவந்து, இஞ்சை பறவை நிக்குது, நீங்கள் எழும்புங்கோ எண்டு சொல்லமாட்டினமே?”

மகள் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதிப் பிழைத்தவனுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியாதிருந்தது வெட்கத்துக்குரியது. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டில் வந்தது. அதன்கீழ் 1938 பெப்ரவரி 25ஆம் திகதி சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1990ஆம் ஆண்டளவில் அதன் பரப்பு 11,149 ஹெக்டேயர். பின்னர் போர். போர் முடிந்த பின்னர் இராணுவம் அங்கே உல்லாச விடுதி ஒன்றை நடத்தியது. பறவைகளைப் பார்க்கத் தென்னிலங்கையிலிருந்து பேருந்துகள் வந்தன. 2015 ஜூன் 22ஆம் திகதி சுண்டிக்குளம் 19,565 ஹெக்டேயர் பரப்புடன் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. அதே வேளையில் நெடுந்தீவில் 1,846 ஹெக்டேயரும் தேசியப் பூங்கா ஆனது. ஆதாம் பாலமும் மடு வீதியும் உடன் சேர்ந்தன.

சரணாலயம் என்பதும் தேசியப் பூங்கா என்பதும் ஒன்றல்ல. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். பரம்பரையாகச் செய்துவந்த தொழிலுக்கு இடமிருக்கும். தேசியப் பூங்கா என்பது முழுக்க முழுக்க அரச காணி. அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே கால்வைக்க முடியாது. ஆகவே ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு, நேற்றுவரை வீச்சுவலையோடு இறால் பிடிக்கப் போனவன் இன்று அத்துமீறி நுழைபவன் ஆகிறான். அந்தத் தந்தையார் கேட்ட கேள்வி கற்பனைப் பயத்தில் பிறந்ததன்று.

2015இல் நானும் இதைப்பற்றி எழுதினேன். தலைப்பில் ‘நிலப்பறிப்பு’ என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லை இன்றும் நான் முழுதாக மீளப் பெறவில்லை. மக்கள் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தின் தொடர்ச்சியாக, அவர்களோடு போதிய கலந்துரையாடல் இல்லாமல், தொலைவிலிருந்து கோடு கீறுவது பறிப்புக்கு நெருங்கிய செயல்தான். ஆனால் அந்தச் செய்தியை எழுதுவதற்கு முன்னர் நான் சுண்டிக்குளத்துக்குப் போகவில்லை. வர்த்தமானியைப் படித்தேன், இரண்டு அரசியல்வாதிகளோடு தொலைபேசியில் பேசினேன், எழுதி முடித்தேன். அந்த எல்லைக்குள் எத்தனை வீடு, எத்தனை வாடி, எந்தப் பகுதியில் பறவைகள் இரை தேடுகின்றன, எந்தப் பகுதியில் ஆண்டு முழுவதும் ஒரு கொக்குக்கூட இறங்குவதில்லை என்று எனக்குத் தெரியாது. எதிர்த்து எழுதிய எங்களில் எவருக்கும் தெரியாது. கோடு கீறியவர்களிடமாவது ஒரு வரைபடம் இருந்தது. எங்களிடம் கோபம் மட்டுமே இருந்தது.

இங்கேதான் என் வழக்கு தொடங்குகிறது. வடக்கில் அரச காணியைப்பற்றிய விவாதத்தில் ஒரு பக்கம் திணைக்களங்கள், மறுபக்கம் மக்கள் பிரதிநிதிகள். இருவரும் நிலத்தைப்பற்றிப் பேசுகிறார்கள். நிலத்தில் என்ன இருக்கிறது என்று எண்ணுபவர் யாரும் இல்லை. தேசியப் பூங்காவுக்குள் நுழையும் அனுமதி அங்குள்ள உயிர்களைப் பார்ப்பதற்கும் கற்பதற்குமே என்பதுதான் அச்சட்டத்தின் நோக்கு. பார்க்கவும் கற்கவும் போகிறவர் யார்? விடுமுறைக்கு வருபவர்கள் பார்க்கிறார்கள். ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காகக் கொழும்பிலிருந்து சில ஆர்வலர்கள் வருகிறார்கள். 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகத்தவர் அந்தப் பணியை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் ஜனவரியில் வருபவருக்கு ஜனவரிதான் தெரியும். ஒக்டோபர் மழையில் எப்போது நீர் நன்னீராகிறது, மார்ச்சில் எப்போது வற்றி உப்பேறுகிறது, அந்த மாற்றத்தோடு பறவை எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பது ஆண்டு முழுவதும் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியும். பக்கத்தில் இருப்பவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரியாது.

ஏன் தெரியாது? எங்கள் பிள்ளைகளுக்குக் கண் இல்லையா? இருக்கிறது. அந்தக் கண்ணை மூடிவிடும் கல்வியை நாங்கள் கொடுக்கிறோம்.

என் கதையையே சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் நான் தமிழ் படித்தவன். நெய்தல் நிலத்தின் கருப்பொருளில் ‘புள்’ என்ற தலைப்பின்கீழ்க் கடற்காகம் என்று எழுதி முழுப் புள்ளி பெற்றிருக்கிறேன். பரீட்சை மண்டபத்திலிருந்து மிதிவண்டியில் போனால் அரைமணி நேரத்தில் பண்ணைக் கடல். அங்கே கடற்காகம் பறந்துகொண்டிருந்தது. நான் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஐம்பது வயதைக் கடந்தபின், அந்த மாணவி கைகாட்டி, ‘சேர், அதுதான்’ என்று சொன்னபோதுதான் பெயரோடு பறவையைப் பார்த்தேன். மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கடற்காகங்களில் சிலவற்றின் முதுகில் செய்மதிக் கருவி பொருத்தி, அவை ருஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை சென்று இனம்பெருக்கித் திரும்பி வருவதைக் கண்டறிந்திருக்கிறார்கள் என்பதையும் அவரே சொன்னார். நாங்கள் கருப்பொருள் என்று மனனம் செய்த பறவை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து எங்கள் கரைக்கு வருகிறது. எங்கள் புலமை அதை வாசலில் நின்று வரவேற்கவில்லை.

தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்ற பெயரை வடக்கில் உயர்தரம் படித்த எவரும் அறிவர். அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது என்ன? தவணைப் பரீட்சை வினாத்தாள். வெளிக்களம் என்றால் வகுப்பறைக்கு வெளியே உள்ள களம். கடல்நீரேரிக் கரையில், அந்த நீரையும் சேற்றையும் பிள்ளைகள் தொட்டுப் படிக்கவேண்டும் என்று நினைத்த ஆசிரியர்களின் கனவு அந்தப் பெயரில் இருக்கிறது. போர்க்காலத்திலும் பிள்ளைகளின் கல்வியைத் தாங்கிப் பிடித்த நிறுவனம் அது. அதைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் குறைசொல்வது எங்கள் சமூகத்தை. களத்தைக் கேளாமல் வினாத்தாளையே கேட்டது நாங்கள்தான். பெயரில் மட்டும் களம் மிஞ்சியது.

இனி உள்ளகப் பயிற்சி என்ற பெயரில் நடப்பதைச் சொல்லவேண்டும். பட்டத்தின் இறுதியில் மாணவர்களைச் சில வாரங்கள் ஏதேனும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகிறார்கள். நான் குறிப்பிடும் மாணவியும் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டார். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. எதுவாக இருந்தாலும் கதை இதுவே. முதல் வாரம் கோப்புகளை அடுக்கினார். இரண்டாம் வாரம் ஒளிப்பிரதி எடுத்தார். மூன்றாம் வாரம் ஒரு மரநடுகை விழாவில் வரவேற்பு மேசையில் நின்று சந்தனம் கொடுத்தார். களத்துக்குப் போக வாகனம் இல்லை. வாகனம் இருந்த நாளில் எரிபொருள் இல்லை. இரண்டும் இருந்த நாளில் ‘பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது’ என்றார்கள். நிரப்பவேண்டிய படிவங்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. கொடுப்பனவு ஒரு சதமும் இல்லை. பயிற்சி முடிந்தது; சான்றிதழ் கிடைத்தது. அதன் பிறகுதான் அவர் தன் சொந்தச் செலவில், தந்தையின் துணையோடு, பறவைகளை எண்ணப் புறப்பட்டார்.

கொடுப்பனவு இல்லாத பயிற்சி யாருக்குப் பயிற்சி? மோட்டார் சைக்கிளும் தகப்பனின் சம்பளமும் உள்ளவருக்குத்தான். மீனவரின் மகளும் கமக்காரரின் மகனும் அந்த வாரங்களில் ரியூசன் கொடுத்தோ கடையில் நின்றோ குடும்பத்துக்கு உழைக்கவேண்டியவர்கள். நிலத்தை அறிந்த வீட்டுப் பிள்ளைகள் வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள். நிலத்தை அறியாத வீட்டுப் பிள்ளைகள் அறிக்கை எழுதுகிறார்கள். பிறகு அந்த அறிக்கையில் மக்களைப்பற்றி ஒரு வரி வருகிறது: ‘உள்ளூர் மக்களுக்கு விழிப்புணர்வு போதாது.’

விழிப்புணர்வா? அந்தத் தந்தையார் நடந்துவரும் வழியில் ஏழெட்டு வகை உள்ளான்களை அவற்றின் குரலை வைத்தே பிரித்துச் சொன்னார். எந்தக் காற்றுக்கு எந்தப் பறவை கரையேறும் என்று சொன்னார். மகளின் கையிலிருந்த ஆங்கிலக் கையேட்டில் அந்தப் பெயர்கள் இல்லை. அவருடைய படிவத்தில் அந்த அறிவை எழுத ஒரு கட்டமும் இல்லை.

அடுத்து, வாழிட மீளமைப்பு என்று அழைக்கப்படும் கூத்து. ஜூன் 5 வந்தால் சுற்றாடல் தினம். ஜூலை 26 வந்தால் கண்டல் தினம். கடற்கரையில் பந்தல், ஒலிபெருக்கி, பிரதம விருந்தினர், வரிசையாகப் பள்ளிப்பிள்ளைகள், கையில் ஆளுக்கொரு கண்டற் கன்று. புகைப்படம் எடுத்தாயிற்று. மறுநாள் பத்திரிகையில் செய்தி. அவ்வாறான செய்திகளை நானே எத்தனையோ திருத்திப் பக்கம் சேர்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அதே இடத்துக்குப் போய் எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்று ஒரு செய்தியாளனையும் நான் அனுப்பியதில்லை.

அனுப்பியிருந்தால் என்ன கண்டிருப்பான் என்பதற்கு ஒரு ஆய்வு விடை சொல்கிறது. ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கரைகளில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களைப் பார்வையிட்ட ஆய்வாளர்கள் 2017இல் முடிவை வெளியிட்டனர். முயற்சி நடந்த பரப்பு ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். வெற்றி கண்ட பரப்பு 200 முதல் 220 ஹெக்டேயர். 9 இடங்களில் ஒரு கன்றுகூடப் பிழைத்திருக்கவில்லை. காரணங்கள் மிக எளியவை: பொருந்தாத இடம், பொருந்தாத இனம், நட்டபின் கவனிப்பின்மை. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு இலங்கையின் கண்டல் மீளமைப்பை உலக முன்மாதிரித் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. பழைய தோல்விகளை ஒப்புக்கொண்டு, அறிவியல்முறையில் செய்யத் தொடங்கியதற்கே அந்த மதிப்பு. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் அன்று.

எங்கள் குடாநாட்டுக் கடல்நீரேரிகள் ஆழமற்றவை. வற்றுப்பெருக்கு மிகக் குறைவு. கோடையில் உப்புச்செறிவு கடலையும் மிஞ்சும். இந்த உப்பைத் தாங்கி நிற்பது கண்ணா. ஆனால் விழாக்களில் நடப்படுவது பெரும்பாலும் கண்டலின் நீண்ட முளைக்காய். ஏன்? கம்புபோல் கையில் பிடிக்கலாம், குத்தி நிறுத்தலாம், புகைப்படத்தில் நன்றாகத் தெரியும். அதையும் எங்கே குத்துகிறார்கள்? மரம் இல்லாத திறந்த சேற்று வெளியில். அந்த வெளி ‘சும்மா கிடக்கிறது’ என்று நினைக்கிறார்கள். அது சும்மா கிடக்கவில்லை. பூநாரையும் உள்ளானும் இரை தேடும் சாப்பாட்டு மேசை அதுதான். ஒரு வாழிடத்தை மீளமைப்பதாகச் சொல்லி இன்னொரு வாழிடத்தை மூட முனைகிறோம். பல இடங்களில் செய்யவேண்டியது கன்று நடுவதே அன்று. வீதி போட்டபோதும் அணை கட்டியபோதும் அடைபட்ட வாய்க்காலைத் திறந்து நீரை ஓடவிடுவதுதான். நீர் வந்தால் விதை தானாக வரும். ஆனால் வாய்க்கால் திறப்பதற்குப் பிரதம விருந்தினர் கிடைக்கமாட்டார்.

பாக்கு நீரிணையின் அக்கரையைப் பாருங்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் இல்லத்தரசிகளும் வயல் வரப்பில் நின்று, தமிழ்ப் பெயரோடு பட்டியல் போடுகிறார்கள். அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் தொடங்கிய பறவைக் கணக்கெடுப்பு இன்றுவரை தொடர்கிறது. அதே நாட்டில் சிக்காகோ தாவரவியல் பூங்கா, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, இளம் பட்டதாரிகளைக் கொடுப்பனவோடு பல மாதங்கள் அரச நிலங்களுக்கு அனுப்பி, விதை சேகரிக்கவும் விலங்குகளைக் கண்காணிக்கவும் பழக்கிவந்திருக்கிறது. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. 2025இல் அந்நாட்டு அரசு ஆட்குறைப்பு என்று சொல்லி அரச நிலங்களைப் பராமரித்த ஊழியர்கள் ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பியது. பணம் நின்றால் எங்கும் களம் காலியாகும். ஆனால் அங்கே நிறுத்துவதற்கு ஒன்று இருந்தது. இங்கே தொடங்குவதற்கே ஒன்றும் இல்லை.

இனி, என்னை எதிர்த்துச் சொல்லப்படுபவற்றுக்கு வருகிறேன்.

‘மக்களுக்கே காணி இல்லை, பறவைக்கு என்ன கணக்கு?’ என்பார்கள். காணி கேட்பதற்குத்தான் கணக்கு வேண்டும் என்கிறேன். பூங்காவின் எல்லையைத் திருத்து, எங்கள் ஊர்க் காணியை விடுவி என்று கேட்கும்போது, ‘இந்தத் துண்டில் ஐந்து ஆண்டுகளாக எதுவும் கூடு கட்டவில்லை, இதோ பதிவு, அந்தத் துண்டைத் தொடாதே, அங்கே பறவை இருக்கிறது, இதோ பதிவு’ என்று சொல்லக்கூடிய சமூகத்தின் குரலுக்கு எடை உண்டு. வெறும் ‘எங்கள் பூமி’ என்ற முழக்கத்தைக் கூட்டம் முடிந்ததும் காற்று கொண்டுபோய்விடும்.

‘அரசின் திணைக்களத்துக்கு எங்கள் பிள்ளைகள் ஏன் உழைக்கவேண்டும்?’ என்பார்கள். விடத்தல்தீவை நினைத்துப் பாருங்கள். 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கரையிலிருந்து ஒரு பகுதியை, நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று 2024 மே மாதத்தில் அதே அரசு வர்த்தமானி மூலம் வெட்டி எடுத்தது. சூழலியலாளர்கள் உயர் நீதிமன்றம்வரை போனார்கள். எதைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள்? அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று யாரோ சேற்றில் நின்று எழுதிய பதிவுகளை. பறிப்பவனுக்கு எதிராகவும் அந்தக் கணக்கே நிற்கும்.

‘நாங்கள் இயற்கையோடு வாழ்ந்த இனம்; எங்களுக்கு யாரும் பாடம் சொல்லவேண்டாம்’ என்பார்கள். இவர்களுக்குத்தான் என் கடுமையான சொல். கல்லுண்டாய் வெளியில், பறவைகள் இறங்கும் நீரோரத்தில், நகரத்தின் குப்பையைக் கொட்டியது எந்த அந்நியன்? வடமராட்சி கிழக்கின் மணற்குன்றுகளை இரவோடு இரவாக உழவு இயந்திரத்தில் ஏற்றுபவன் எந்த அந்நியன்? நெடுந்தீவுக் குதிரைகளைப் பெருமையாகப் பதாகையில் போடும் நாங்கள், கோடையில் அவை நீரின்றித் தவிக்கும்போது எங்கே போனோம்? மற்றவன் கோடு கீறினால் நிலப்பறிப்பு. நாங்கள் தோண்டினால் வாழ்வாதாரம். இந்த இரட்டை நாக்கை வைத்துக்கொண்டு எந்த மன்றத்திலும் வெல்ல முடியாது.

ஆக, என்ன செய்யவேண்டும்? பெரிய திட்டங்களை நான் கேட்கவில்லை.

முதலாவது, களப்பயிற்சிக்குக் கொடுப்பனவு வேண்டும். போக்குவரத்தும் உணவும் அதற்குள் அடங்கவேண்டும். இரண்டாவது, பயிற்சிக் காலம் பல்கலைக்கழக அட்டவணையைப் பார்த்து அல்ல, பறவையின் அட்டவணையைப் பார்த்து அமையவேண்டும்: ஒக்டோபர் தொடக்கம் மார்ச் வரை, தொடர்ந்து, ஆண்டுக்கு ஆண்டு அதே இடங்களில். ஒரு தடவை எண்ணிய எண்ணிக்கை வெறும் செய்தி. பத்து ஆண்டுகள் எண்ணினால்தான் அது சாட்சி. மூன்றாவது, ஒவ்வொரு மாணவரோடும் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் ஒருவர் ஊதியத்தோடு ஆசானாகப் போகவேண்டும். மகளுக்குத் துணையாக வந்த அந்த மனிதர் துணை அல்லர், ஆசிரியர். நான்காவது, மூன்று ஆண்டுகள் உயிர்ப்பைக் கணக்கிட ஆள் ஒதுக்காத எந்த மரநடுகைக்கும் அனுமதி கொடுக்கக்கூடாது. பத்திரிகைகள் அதைச் செய்தியாகவும் போடக்கூடாது. ஐந்தாவது, இதுவே முக்கியமானது: பதிவுகள் தமிழில் வெளியாகவேண்டும். ஒரு பிரதி திணைக்களத்துக்குப் போனால் மறு பிரதி அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்திலும் பாடசாலையிலும் இருக்கவேண்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு சொல். கனடாவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருந்து ஊர்க் கோயிலுக்குக் கோபுரமும் தேரும், பாடசாலைக்கு மண்டபமும் அனுப்புகிறீர்கள். நன்று. உங்கள் பழைய மாணவர் சங்கம் ஆண்டுக்கு ஒரேயொரு மாணவருக்கு ஆறு மாதக் களச்செலவைக் கொடுக்கட்டும். இரண்டு தொலைநோக்கி அனுப்பட்டும். அதற்குக் கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாது. சேற்றில் கல்வெட்டு நிற்காது. அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தந்தையாரின் கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. அந்தக் கணக்கை வைத்து அவரை எழுப்பமாட்டார்கள் என்று என்னால் உறுதி கூற முடியாது. உறுதி கூறுபவன் பொய்யன். ஆனால் அந்தக் கணக்கு இல்லாமலேயே 2015இல் கோடு கீறப்பட்டது என்பதை அவருக்கு நினைவூட்டலாம். அவருடைய மகள் எண்ணாவிட்டால் வேறொருவர் எண்ணுவார், அல்லது எண்ணாமலே தீர்மானிப்பார். மகளின் கொப்பியில் அவர் வலை வீசும் இடமும் இருக்கிறது, பறவை இறங்கும் இடமும் இருக்கிறது, இரண்டும் ஒரே நீரில் அருகருகே இருக்க முடிகிறது என்பதும் திகதியோடு இருக்கிறது. வேறு எவருடைய கொப்பியிலும் அது இருக்கப்போவதில்லை.

இதை அவரிடம் நேரில் சொல்லவேண்டும். அடுத்த பருவத்தில் மீண்டும் போகிறேன். இம்முறை எனக்கும் ஒரு கொப்பி கொண்டுவரும்படி அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறார்.